தள்ளிப்போட வேண்டியது தேதியை அல்ல

ஒன்பது பத்து வாரத்துக்கு ஒருமுறை, ஒரு ஞாயிற்றுக்கிழமையன்று, அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் வசிக்கும் லினஸ் டோர்வால்ட்ஸ் தன் கணினியில் ஒரு கட்டளை கொடுக்கிறார். பெரும்பாலும் நமக்கு அப்போது திங்கள் விடிகாலை. மூன்று கோடி வரிகளைத் தாண்டிவிட்ட லினக்ஸ் கெர்னலின், அதாவது லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியின், அந்த நேரத்து நிலைக்கு ஓர் எண் கொடுக்கப்படுகிறது. டிஜிட்டல் கையொப்பம் விழுகிறது. ஒரு மின்னஞ்சல் கிளம்புகிறது. புதிய ரிலீஸ் வந்துவிட்டது.

அந்தக் கெர்னல் எங்கெல்லாம் ஓடுகிறது என்று எண்ணத் தொடங்கினால் முடிவே இல்லை. ஆண்ட்ராய்டு போன் ஒவ்வொன்றின் அடித்தளத்திலும் அதுதான் இருக்கிறது. உலகின் அதிவேக சூப்பர் கம்ப்யூட்டர்கள் 500-ஐப் பட்டியலிடுகிறார்களே, அதில் 2017 நவம்பர் முதல் அத்தனையும் லினக்ஸ்தான். 2021-ல் செவ்வாய்க் கிரகத்தில் பறந்த இன்ஜெனுவிட்டி ஹெலிகாப்டருக்குள்ளும் லினக்ஸ் இருந்தது.

ஒரு ரிலீசுக்கும் அடுத்ததற்கும் இடையே பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாற்றங்கள் கோடில் சேர்கின்றன. இரவு பகல் எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டாலும் மணிக்கு ஆறு மாற்றத்துக்குக் குறையாது. எழுதுகிறவர்கள் ஏறத்தாழ இரண்டாயிரம் பேர். இன்டெல்லில் வேலை பார்ப்பவர் இருக்கிறார். இன்டெல்லின் போட்டி நிறுவனமான ஏஎம்டியில் வேலை பார்ப்பவரும் இருக்கிறார். கூகுள், ரெட் ஹேட், ஹுவாவே ஊழியர்கள் உண்டு. தனக்குப் பிடித்துப்போய் ராத்திரியில் உட்கார்ந்து எழுதுகிறவரும் உண்டு. இவர்களில் யாருக்கும் டோர்வால்ட்ஸ் சம்பளம் கொடுப்பதில்லை. யாரையும் வேலையைவிட்டு அனுப்பவும் அவரால் முடியாது. ‘இந்த வசதியை இந்த மாதத்துக்குள் முடித்துக் கொடு’ என்று யாருக்கும் அவர் உத்தரவு போட முடியாது. அப்படியிருந்தும் ரிலீஸ் நாள் தவறுவது அபூர்வம்.

அதிகாரமே இல்லாத இடத்தில் இந்த ஒழுங்கு எப்படி வந்தது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

இருபது லட்சம் பேச்சுவார்த்தைகள்

1960-களில் ஐபிஎம் நிறுவனத்தின் சிஸ்டம்/360 கணினிக்கான இயங்குதளத்தை உருவாக்கும் பணிக்குத் தலைமை வகித்தவர் பிரெட் புரூக்ஸ். வேலை தாமதமானது, ஆட்களைச் சேர்த்தார்கள், இன்னும் தாமதமானது. அந்த அனுபவத்தை வைத்து 1975-ல் அவர் எழுதிய ‘தி மிதிக்கல் மேன்-மந்த்’ இன்றைக்கும் இந்தத் தொழிலில் படிக்கப்படும் புத்தகம். அதில் அவர் சுட்டிய கணக்கு எளிமையானது. ஒரு குழுவில் ஒவ்வொருவரும் மற்ற எல்லோரிடமும் பேசியாக வேண்டும் என்றால், ஆட்கள் கூடக் கூடப் பேச்சுத் தொடர்புகள் பன்மடங்காகப் பெருகும். 5 பேர் என்றால் 10 ஜோடிகள். 50 பேர் என்றால் 1,225 ஜோடிகள்.

இதே கணக்கை 2,000 பேருக்குப் போட்டால் 19,99,000 ஜோடிகள் வரும். ‘உன் வேலை எப்போது முடியும், என் வேலையோடு மோதுமா, நான் காத்திருக்கட்டுமா’ என்று இருபது லட்சம் பேச்சுவார்த்தை. இதை எந்த மீட்டிங்கும் தாங்காது. இரண்டாயிரம் பேரும் ஒருவரோடு ஒருவர் பேசாமலே ஒத்துப்போக ஏதாவது ஒரு வழி வேண்டும். அந்த வழியைக் கண்டுபிடிக்க லினக்ஸுக்குப் பதினான்கு வருடம் பிடித்தது.

மூன்று வருடக் காத்திருப்பு

1991-ல் ஹெல்சின்கியில் மாணவராக இருந்த டோர்வால்ட்ஸ் லினக்ஸை அறிவித்தார். 1994-ல் 1.0 வந்தது. அப்போதிருந்த வழக்கம் இது: பதிப்பு எண்ணின் நடுவிலுள்ள இலக்கம் இரட்டைப்படை என்றால் மக்கள் பயன்பாட்டுக்கு; ஒற்றைப்படை என்றால் சோதனைக்கு. 2.4 எல்லோருக்கும். 2.5 வேலை நடக்கும் பட்டறை. அந்தப் பட்டறையில் எல்லாம் தேறியதும் 2.6 என்று வெளியே வரும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நடந்தது வேறு. 2.4 வெளிவந்தது 2001 ஜனவரியில். 2.6 வெளிவந்தது 2003 டிசம்பரில். கிட்டத்தட்ட மூன்று வருடம்.

இந்த இடைவெளி என்ன செய்தது என்று பாருங்கள். நான் ஒரு வசதியை எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று வைத்துக்கொள்வோம். இந்த ரிலீசில் அது சேராவிட்டால் அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது. மூன்று வருடம்கூட ஆகலாம். அதனால் அரைகுறையாக இருந்தாலும் எப்படியாவது உள்ளே நுழைத்துவிடப் பார்ப்பேன். என்னைப் போலவே எல்லோரும் பார்ப்பார்கள். 2.5-ல் புதிய வசதிகளைச் சேர்க்கக் கடைசி நாள் என்று 2002 அக்டோபர் 31 குறிக்கப்பட்டது. அந்த நாளை நோக்கி நெரிசல் கூடியது. கதவு சாத்தப்பட்ட பிறகு, உள்ளே வந்தவற்றைச் சரிசெய்து 2.6 என்று வெளியிட மேலும் பதின்மூன்று மாதத்துக்கு மேல் ஆனது.

தாமதம் நெரிசலை உண்டாக்கும். நெரிசல் பக்குகளை, அதாவது பிழைகளை, உண்டாக்கும். பக்குகள் இன்னும் தாமதத்தை உண்டாக்கும். அடுத்த ரிலீஸ் தூரமாகப் போகப் போக அதற்கான முண்டியடிப்பு கூடிக்கொண்டே போகும்.

லினக்ஸைத் தொகுத்து விற்கும் நிறுவனங்களால் அவ்வளவு நாள் காத்திருக்க முடியவில்லை. 2.5-ல் பிறந்த வசதிகளைப் பிடுங்கித் தங்களுடைய 2.4-ல் ஒட்டவைத்தார்கள். 2003-ல் வந்த ரெட் ஹேட் லினக்ஸ் 9-ல் அப்படி ஒட்டவைத்த புதிய திரெடிங் வசதி இருந்தது. பெயருக்கு எல்லோரிடமும் 2.4, உள்ளே ஆளுக்கொரு கெர்னல். ஒருவரிடம் பிடிபட்ட பக் இன்னொருவரிடம் இருக்குமா என்றே சொல்ல முடியாத நிலை.

2004 ஜூலையில் கனடாவின் ஒட்டாவாவில் கெர்னல் எழுதுகிறவர்களின் ஆண்டுக் கூட்டம் நடந்தது. 2.7 என்று புதிய பட்டறை திறக்கப்போவதில்லை, 2.6-லேயே தொடர்ந்து வேலை நடக்கும் என்று அங்கே முடிவானது. மறுவருடக் கூட்டத்தில் அதற்கு ஒரு கால ஒழுங்கும் வந்தது. இன்றுவரை நடப்பது அந்த ஒழுங்குதான்.

இரண்டு வாரம் திறந்த கதவு

ஒரு ரிலீஸ் வெளியான மறுநாளே ‘மெர்ஜ் விண்டோ’ திறக்கிறது. இது இரண்டு வாரம். கெர்னல் பல துறைகளாகப் பிரிந்திருக்கிறது: நெட்வொர்க், ஃபைல் சிஸ்டம், கிராபிக்ஸ், யுஎஸ்பி, ஒலி என்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு மெயின்டெய்னர், அதாவது பொறுப்பாளர். தன் துறைக்கு வந்த மாற்றங்களைச் சில மாதங்களாகப் பார்த்து, திருத்தச் சொல்லி, திருப்பியனுப்பி, தேறியதை மட்டும் கட்டாகக் கட்டி வைத்திருப்பார். இப்போது ‘இதை எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று டோர்வால்ட்ஸுக்கு எழுதுவார். பத்தாயிரம் மாற்றங்களில் பெரும்பகுதி இந்த இரண்டு வாரத்தில்தான் உள்ளே போகிறது.

மோதல்கள் அந்த நேரத்தில் முதன்முறையாகத் தெரியவந்தால் சமாளிக்க முடியாது. அதற்கென்றே ‘லினக்ஸ்-நெக்ஸ்ட்’ என்று ஓர் ஒத்திகை நடக்கிறது. ஆஸ்திரேலியாவில் இருக்கும் ஸ்டீபன் ரோத்வெல் 2008-ல் தொடங்கிப் பல்லாண்டு நடத்திய வேலை அது. எல்லா மெயின்டெய்னர்களின் கட்டுகளையும் வேலைநாள்தோறும் ஒன்றாகச் சேர்த்துப் பார்ப்பது. எது எதோடு இடிக்கிறது என்று அப்போதே சொல்லிவிடுவது. அடுத்த ரிலீஸ் எப்படி இருக்கும் என்பதை முன்கூட்டியே ஒவ்வொரு நாளும் ஒருமுறை செய்து பார்த்துவிடுகிறார்கள்.

இரண்டாவது ஞாயிறு கதவு சாத்தப்படுகிறது. ஆர்சி1 வெளியாகிறது. ஆர்சி என்பது ரிலீசுக்கான உத்தேசப் பதிப்பு. அதன்பிறகு புதிய வசதி எதற்கும் இடமில்லை. பழுது நீக்கும் திருத்தங்கள் மட்டும். ஞாயிறுதோறும் ஆர்சி2, ஆர்சி3 என்று போகும். வாரம் போகப் போக வரும் திருத்தங்களின் எண்ணிக்கையும் அளவும் குறைய வேண்டும். ஆர்சி7 அல்லது ஆர்சி8-ல் அடங்கிவிட்டது என்று தோன்றினால் அடுத்த ஞாயிறு ரிலீஸ். ஆக்கப் பொறுத்தவர் ஆறப் பொறுக்க வேண்டும் என்பது இங்கே ஏழெட்டு வார விதியாகவே இருக்கிறது.

இதில் யாருக்கும் என்ன வசதி வரவேண்டும் என்ற திட்டம் கிடையாது. தயாரானது வரும், தயாராகாதது வராது. ஒருவர் மெர்ஜ் விண்டோவைத் தவறவிட்டால் இழப்பது பத்து வாரம். மூன்று வருடம் இல்லை. அதனால் அரைகுறையை உள்ளே திணிக்கும் ஆசை தானாகவே குறைந்துவிட்டது. இந்த முறைக்குத் தொழிலில் ‘ரிலீஸ் டிரெயின்’ என்று பெயர்: நேரத்துக்கு வண்டி கிளம்பும், பிளாட்பாரத்தில் இருப்பவர் ஏறலாம், மற்றவருக்கு அடுத்த வண்டி. வண்டி அடிக்கடி வரும் என்று தெரிந்தவர் படியில் தொங்கிக்கொண்டு போகமாட்டார்.

இருபது லட்சம் பேச்சுவார்த்தைக்கு மாற்று இதுதான். மெர்ஜ் விண்டோ எப்போது திறக்கும், எப்போது சாத்தும் என்பது எல்லோருக்கும் தெரியும். தைவானில் சிப் தயாரிக்கும் நிறுவனமும், ஜெர்மனியில் இருக்கும் தனி ஆளும் ஒருவரை ஒருவர் கேட்காமலே தங்கள் வேலையை அந்த நாட்களுக்கு ஏற்ப வகுத்துக்கொள்கிறார்கள். நாள்காட்டியே எல்லோரிடமும் பேசிவிடுகிறது.

எண்களுக்கும் இதனால் மதிப்புப் போய்விட்டது. 3.19-க்குப் பிறகு 4.0, 4.20-க்குப் பிறகு 5.0, 5.19-க்குப் பிறகு 6.0. இந்தத் தாவல்களில் பெரிய புரட்சி எதுவும் இல்லை. எண்ணுவதற்குக் கைவிரலும் கால்விரலும் போதாமல் போகிறது என்பதுதான் டோர்வால்ட்ஸ் வேடிக்கையாகச் சொல்லும் காரணம்.

கரண்ட் இல்லாத ஆறு நாளும் ஒரு கெட்ட பதிப்பும்

விதியின் பலம் கெட்ட நேரத்தில்தான் தெரியும். 2021 பிப்ரவரியில் 5.12-க்கான மெர்ஜ் விண்டோ திறந்தபோது ஓரிகனில் பனிப்புயல் அடித்தது. ஆறு நாள் டோர்வால்ட்ஸ் வீட்டில் கரண்ட் இல்லை. விண்டோவை நீட்டிக்கலாமா என்று அவர் யோசித்தார். ஆனால் மெயின்டெய்னர்கள் கட்டுகளை முன்கூட்டியே அனுப்பியிருந்ததால் மிச்ச நாட்களில் வேலை முடிந்தது. பிப்ரவரி 28, ஞாயிறு, ஆர்சி1 வெளியானது.

அதில் ஒரு கொடிய பக் இருந்தது. ரேம் நிரம்பும்போது உபரியை ஒதுக்கிவைக்க டிஸ்க்கில் ‘ஸ்வாப்’ என்று ஓர் இடம் இருக்கும். சிலர் அதற்குத் தனிப் பார்ட்டிஷன் வைத்திருப்பார்கள். சிலர் சாதாரண ஃபைல் ஒன்றை ஒதுக்கியிருப்பார்கள். ஃபைல் வைத்திருந்தவர்களின் கணினியில், அந்த ஃபைல் டிஸ்க்கில் எங்கே தொடங்குகிறது என்பதைக் கெர்னல் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. தவறான இடத்தில் போய் எழுதியது. அங்கே இருந்த மற்ற தகவல்கள் அழிந்தன. சோதித்தவர்களில் பலர் பார்ட்டிஷன் வைத்திருந்தவர்கள் அல்லது ஸ்வாப்பே இல்லாதவர்கள். அதனால் முன்னால் யார் கண்ணிலும் படவில்லை.

பக்கைச் சரிசெய்வது எளிது. ஆனால் ஆர்சி1 என்ற புள்ளி எல்லோரும் தங்கள் அடுத்த வேலையைத் தொடங்கும் இடம். அதன்மேல் கட்டிய வேலைகள் பின்னால் பல வருடம் வரலாற்றில் கிடக்கும். அதில் என்ன ஆபத்து என்று புரிய, கெர்னல்காரர்கள் பக் பிடிக்கும் ஒரு முறையைத் தெரிந்துகொள்ள வேண்டும். போன ரிலீசில் வேலை செய்தது, இந்த ரிலீசில் வேலை செய்யவில்லை என்றால், இடையிலுள்ள பத்தாயிரம் மாற்றங்களில் எது குற்றவாளி? நடுவிலுள்ள மாற்றம்வரை மட்டும் எடுத்துக் கெர்னலைத் தயார்செய்து ஓட்டிப் பார்ப்பார்கள். ஓடினால் குற்றவாளி பிற்பாதியில், ஓடாவிட்டால் முற்பாதியில். திரும்பவும் பாதி. பத்தாயிரம் ஐயாயிரமாகும், இரண்டாயிரத்து ஐந்நூறாகும். பதினான்கு முறை இப்படிப் பார்த்தால் ஒரே ஒரு மாற்றம் மிஞ்சும். இதை ‘பைசெக்ட்’ என்பார்கள். டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் எழுதத் தொடங்கிய ‘கிட்’ என்ற மென்பொருளில் இதற்கென்றே ஒரு கட்டளை இருக்கிறது.

இப்போது ஆபத்து விளங்கும். இரண்டு வருடம் கழித்து வேறு ஏதோ ஒரு பக்கைத் தேடி ஒருவர் பைசெக்ட் செய்கிறார், நடுப்புள்ளியாக இந்தக் கெட்ட பதிப்பு வந்து அமைகிறது, ஓட்டிப் பார்க்கிறார், அவர் டிஸ்க் அழிகிறது. டோர்வால்ட்ஸ் மூன்று காரியம் செய்தார். அந்தப் பதிப்பின் பெயரையே ‘5.12-ஆர்சி1-டோன்ட்யூஸ்’ என்று மாற்றினார். அதன்மேல் யாரும் புதிய வேலையைத் தொடங்க வேண்டாம் என்று எழுதினார். ஆர்சி2-ஐ ஞாயிறுவரை காத்திருக்காமல் வெள்ளிக்கிழமையே விட்டார். அதன்பிறகு எல்லாம் வழக்கப்படி நடந்து, ஏப்ரல் 25, ஞாயிறு, 5.12 வெளியானது. ஒரு புயலும் ஒரு பேராபத்தும் வந்துபோயும் நாள்காட்டி ஒரு வாரத்துக்குமேல் அசையவில்லை.

தயாரானால் வரும்

எல்லோரும் இந்த வழியைப் பின்பற்றுவதில்லை. கெர்னலைச் சுற்றி ஆயிரக்கணக்கான மென்பொருட்களைச் சேர்த்து முழு இயங்குதளமாக்கித் தரும் டெபியன் 1993-ல் இயன் மர்டாக் தொடங்கியது. அதன் கொள்கை ‘தயாரானால் வெளியிடுவோம்’.

தேதி விஷயத்தில் அதற்கு ஆரம்பமே ஓர் அடி. 1995 இறுதியில், இன்ஃபோமேஜிக் என்ற சிடி விற்கும் நிறுவனம், வேலை முடியாத ஒரு பதிப்பைத் தவறுதலாக ‘டெபியன் 1.0’ என்று அச்சிட்டு விற்றுவிட்டது. ஓடாத சிடி. டெபியன் அந்த எண்ணையே கைவிட்டு, 1996-ல் நேரே 1.1 என்று வெளியிட்டது. அதன்பிறகு உருவாகிக்கொண்டிருக்கும் பதிப்புக்கு எண்ணே வைக்காமல் பெயர் வைத்தார்கள். அப்போது தலைமை ஏற்ற புரூஸ் பெரன்ஸ் பிக்ஸார் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். அதனால் பெயர்களெல்லாம் ‘டாய் ஸ்டோரி’ படத்துப் பொம்மைகள்: பஸ், ரெக்ஸ், வுடி, சார்ஜ். நிரந்தரமாக உடைந்தும் ஒட்டியும் கிடக்கும் சோதனைப் பகுதிக்கு மட்டும் சிட் என்று பெயர். பொம்மைகளை உடைக்கும் பக்கத்து வீட்டுப் பையன்.

சிட்டில் ஒரு மென்பொருள் வந்து விழுந்ததும் அது சில நாள் ஆறவேண்டும். அவசரத்தைப் பொறுத்து இரண்டு நாள் முதல் பத்து நாள் வரை. அதற்குள் புதிதாகக் கடுமையான பக் யாரும் சொல்லாமல் இருக்க வேண்டும்; ஆதரிக்கும் எல்லா வகைப் பிராசசரிலும் தயாராகியிருக்க வேண்டும்; அது உள்ளே வருவதால் வேறொன்று நிறுவ முடியாமல் போகக் கூடாது. இதையெல்லாம் ‘பிரிட்னி’ என்ற ஒரு புரோகிராம் பார்த்து, தேறியதை அடுத்த கட்டத்துக்கு நகர்த்துகிறது. ரிலீஸ் நெருங்கும்போது படிப்படியாக உறையவைப்பார்கள்: முதலில் பலவற்றைப் பாதிக்கும் பெரிய மாற்றங்கள் நிற்கும், பிறகு புதிய மென்பொருட்கள், கடைசியில் ஒவ்வொரு சிறு திருத்தத்துக்கும் ரிலீஸ் குழுவின் அனுமதி வேண்டும். 2023 ஜூன் 10-ல் வந்த புக்வோர்ம் பதிப்பில் 64,000-க்கும் மேற்பட்ட பேக்கேஜ்கள் இப்படி ஒன்றோடொன்று பொருந்தி நின்றன.

டெபியனும் பாடம் படித்தது. 2002 ஜூலையில் வுடி. அடுத்த சார்ஜ் வந்தது 2005 ஜூனில். அதே மூன்று வருட நோய். 2007-க்குப் பிறகு ஏறக்குறைய இரண்டு வருடத்துக்கு ஒரு ரிலீஸ் என்று அது நிலைபெற்றது. டெபியனை அடித்தளமாக வைத்து மார்க் ஷட்டில்வொர்த் 2004-ல் கொண்டுவந்த உபுண்டு, தேதியையே பதிப்பு எண்ணாக்கிவிட்டது: 24.04 என்றால் 2024 ஏப்ரல். தவறினால் எண்ணே காட்டிக்கொடுக்கும். இதுவரை அப்படித் தள்ளிப்போய் எண் மாறியது 2006-ல் ஒருமுறைதான். 6.04 என்று வரவேண்டியது 6.06 ஆனது.

ஒழுங்கு காட்டிக்கொடுத்த ரகசியம்

2017 ஜூன் மாதம், கூகுளின் ப்ராஜெக்ட் ஜீரோ குழுவைச் சேர்ந்த யான் ஹார்ன் பிராசசர் தயாரிப்பாளர்களுக்கு ஒரு குறையைத் தெரிவித்தார். சாதாரண புரோகிராம் ஒன்று கெர்னலின் ரகசிய நினைவகத்தைத் திருட்டுத்தனமாகப் படிக்க வழி இருந்தது. பின்னாளில் மெல்ட்டவுன் என்றும் ஸ்பெக்டர் என்றும் உலகம் அறிந்த குறைகள். இன்டெல், மைக்ரோசாஃப்ட், ஆப்பிள், அமேசான், லினக்ஸ் என்று எல்லோரும் ஒரே நாளில் மருந்தோடு வெளியே வரவேண்டும்; அதுவரை வாய் திறக்கக் கூடாது. குறித்த நாள் 2018 ஜனவரி 9, செவ்வாய்.

செவ்வாய் தற்செயலாக அமைந்ததில்லை. 2003 அக்டோபர் முதல் மைக்ரோசாஃப்ட் தன் பாதுகாப்புத் திருத்தங்களை மாதத்தின் இரண்டாம் செவ்வாயன்று வெளியிடுகிறது. நினைத்த நேரத்தில் வந்து விழும் திருத்தங்களோடு அல்லாடிய அலுவலகக் கணினிப் பொறுப்பாளர்களுக்கு, கெட்ட செய்தியும் நாள் பார்த்து வருவது பெரிய நிம்மதி.

ஆனால் லினக்ஸில் எல்லாமே வெட்ட வெளிச்சம். டிசம்பர் கடைசியில், ஆர்சி5, ஆர்சி6 கட்டத்தில், கெர்னலின் அடிமடியில் கைவைக்கும் ஒரு பெரிய மாற்றம் உள்ளே போனது. அந்தக் கட்டத்தில் பெரிய மாற்றத்துக்கு இடமே இல்லை. போதாக்குறைக்கு அது கணினியின் வேகத்தைக் குறைக்கும் மாற்றம். சாதாரணமாக அப்படி ஒன்றை மெயின்டெய்னர்கள் கிட்டவே சேர்க்கமாட்டார்கள். வழக்கமான நாள்காட்டியை அறிந்தவர்களுக்கு உடனே மூக்கில் வேர்த்தது. தங்கள் பிராசசருக்கு இது தேவையில்லை என்று ஏஎம்டி பொறியாளர் ஒருவர் காரணத்தோடு அனுப்பிய திருத்தம் இன்னும் துப்புக் கொடுத்தது. ஜனவரி 2-ல் ‘தி ரிஜிஸ்டர்’ இதழ் எழுதிவிட்டது. மறுநாளே, குறித்த தேதிக்கு ஆறு நாள் முன்னதாக, எல்லாவற்றையும் அறிவிக்க வேண்டியதாயிற்று. அந்த 4.15 ரிலீஸ் ஆர்சி9 வரை இழுத்தடித்து ஜனவரி 28-ல்தான் வந்தது.

ஒழுங்கு எவ்வளவு ஊறிப்போயிருந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். விதி மீறப்பட்டதே செய்தியாகிவிட்டது.

வெளியிடுவது ஒன்று, கொண்டுசேர்ப்பது வேறு

எண் விழுந்ததோடு வேலை முடிவதில்லை. அந்தக் கோட் ஓடவேண்டிய கணினிகளுக்கு அதைக் கொண்டுசேர்ப்பது இன்னொரு கலை. அதில் தவறினால் என்னாகும் என்பதற்கு இரண்டு வழக்குகள் போதும்.

முதலாவது, நைட் கேபிட்டல் என்ற அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனம். 2012 ஆகஸ்ட் 1-ல் நியூயார்க் பங்குச்சந்தையில் ஒரு புதிய திட்டம் தொடங்குவதாக இருந்தது. அதற்கான கோடை எட்டு சர்வர்களில் ஏற்றவேண்டும். ஏழில் ஏற்றினார்கள், எட்டாவது விட்டுப்போனது. சரிபார்க்க இரண்டாவது ஆள் இல்லை. புதிய வசதியை இயக்கும் குறியீடாக, 2003-லிருந்து பயன்படுத்தாத பழைய வசதி ஒன்றின் குறியீட்டையே எடுத்துக்கொண்டிருந்தார்கள். எட்டாவது சர்வரில் அந்தப் பழைய கோட் அழிக்கப்படாமல் கிடந்தது. காலையில் சந்தை திறந்ததும் அது விழித்துக்கொண்டு கண்மண் தெரியாமல் வாங்கவும் விற்கவும் தொடங்கியது.

சந்தை திறக்கும் முன்பே உள்ளுக்குள் 97 தானியங்கி மின்னஞ்சல்கள் போயிருந்தன. அவற்றை எச்சரிக்கையாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. கோளாறு தெரிந்ததும் பதற்றத்தில், சரியாக இருந்த ஏழு சர்வர்களிலிருந்து புதிய கோடை எடுத்தார்கள். இப்போது எட்டும் பழைய கோடை ஓட்டின. ஏறத்தாழ 45 நிமிடத்தில் 46 கோடி டாலருக்கு மேல் இழப்பு. மறுவருடம் அந்த நிறுவனம் இன்னொன்றோடு இணைக்கப்பட்டது.

இரண்டாவது, நம் நினைவில் இன்னும் இருப்பது. 2024 ஜூலை 19, இந்திய நேரம் காலை 9.39. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் ஒரு சிறிய ஃபைலை உலகெங்கும் அனுப்பியது. அந்த ஃபைல் 21 தகவல்களைப் பார்க்கச் சொன்னது, அதைப் படிக்கும் புரோகிராமுக்குக் கொடுக்கப்பட்டிருந்தது 20. இல்லாத இருபத்தொன்றாவதைத் தேடிப்போய் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் விழுந்தன. 10.57-க்கு ஃபைலைத் திரும்பப் பெற்றார்கள். அந்த 78 நிமிடத்தில் சுமார் 85 லட்சம் கணினிகள் முடங்கியிருந்தன. விழுந்த பலவற்றை ஒருவர் நேரில் போய்த்தான் எழுப்ப வேண்டியிருந்தது. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

அந்த நிறுவனம் தன் புரோகிராமின் புதிய பதிப்புகளைப் படிப்படியாகத்தான் அனுப்பிவந்தது. இந்தச் சிறிய ஃபைல்களை மட்டும் ‘வெறும் தகவல்தானே’ என்று எல்லோருக்கும் ஒரே மூச்சில் அனுப்பியது. இனி அவையும் படிப்படியாகவே போகும் என்று பிறகு அறிவித்தது.

படிப்படி என்பது இன்று இந்தத் தொழிலின் அடிப்படை ஒழுக்கம். முதலில் நூற்றுக்கு ஒருவருக்கு அனுப்பு. செயலி முடங்குகிறதா என்று பார். பிறகு ஐந்து, இருபது, ஐம்பது, நூறு. வழியில் கோளாறு தெரிந்தால் நிறுத்து. பழைய நிலைக்குத் திரும்பும் வழியை, அதாவது ரோல்பேக்கை, புறப்படும் முன்பே ஓட்டிப் பார்த்து வைத்துக்கொள். நைட் கேபிட்டலில் நடந்தது ஒத்திகை பார்க்காத ரோல்பேக். உங்கள் நண்பரின் போனுக்கு வந்த அப்டேட் உங்களுக்கு இன்னும் வரவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் இதுதான்: நீங்கள் பின்வரிசையில் இருக்கிறீர்கள். அது நல்ல இடம்.

வாசகருக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள இரண்டு உண்டு. ‘பாதுகாப்புத் திருத்தம்’ என்று போனில் வந்தால் அன்றைக்கே போட்டுவிடுங்கள். திருத்தம் வெளியான நாளிலேயே குறை இருக்கும் இடம் திருடர்களுக்கும் தெரிந்துவிடலாம். புத்தம்புதிய பெரிய பதிப்பு என்றால் ஒன்றிரண்டு வாரம் பொறுத்துப் போடுவதில் நஷ்டமில்லை.

மென்பொருள் துறையில் இருப்பவர்களுக்கு ஒன்று. வேலை முடியவில்லை, தேதியைத் தள்ளலாமா என்ற பேச்சு உங்கள் மீட்டிங்கில் அடுத்த முறை எழும்போது, எதை விட்டுவிட்டுக் கிளம்பலாம் என்று கேளுங்கள். அடுத்த ரிலீஸ் பக்கத்தில் இருக்கிறது என்ற நம்பிக்கையை உங்கள் குழுவுக்குக் கொடுக்க முடிந்தால், விட்டுவிட்டுப் போக யாரும் தயங்கமாட்டார்கள். இரண்டாயிரம் பேர், எல்லோருக்கும் பொதுவான முதலாளி என்று ஒருவர்கூட இல்லாமல், இருபது ஆண்டாக அதைச் செய்துகாட்டிக்கொண்டிருக்கிறார்கள்.